89 பெர்சன்டைல் வாங்கியும் ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: வட கரோலினாவில் ராலே நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி திறந்த கொஞ்ச நாளில் வகுப்பில் எல்லோருக்கும் கோகாட் என்கிற யோசிக்கும் திறன் தேர்வு வைத்தார்கள். அவளுக்குக் கணக்குப் பகுதியில் 89, உருவப் பகுதியில் 84, சொல் பகுதியில் 71 பெர்சன்டைல். பாட அடைவைப் பார்க்கும் மேப் தேர்வில், குளிர்காலத்தில் கணக்குக்கு 208. கூமான் டியூஷனுக்குப் போகிறாள், அங்கே ஐந்தாம் வகுப்புத் தாள்கள் போடுகிறாள். 16-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். இவ்வளவு இருந்தும் அட்வான்ஸ்டு மேத் குழுவில் அவளை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை எடுத்துவிட்டார்கள். டீச்சரைக் கேட்டால் "நன்றாகத்தான் செய்கிறாள்" என்கிறார். பணம் கட்டித் தனியாக ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாம், இல்லாவிட்டால் பள்ளியை மாற்றலாம் என்கிறார் கணவர். போன வாரம் இவள் என்னிடம் வந்து, "அம்மா, நான் ஸ்மார்ட் இல்லையா?" என்று கேட்டாள். என்ன செய்வது? — ஒரு அம்மா

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் வாங்கிய எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவள் எந்தக் கணக்கை ஆசையாக உட்கார்ந்து போட்டாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. பள்ளி உங்கள் கையில் கொடுத்தது எண்களைத்தான், எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அந்த வரிக்குத் திரும்ப வருவேன்.

முதலில் இந்த 89. பெர்சன்டைல் என்பது மார்க் இல்லை, வரிசையில் நிற்கும் இடம். நாடு முழுவதும் அவள் வயதுப் பிள்ளைகள் 100 பேரை வரிசையில் நிறுத்தினால் 89 பேரைத் தாண்டி நிற்கிறாள் என்று பொருள். கோகாட்டில் இதற்கு அடியில் இன்னொரு எண் இருக்கும். வயதுக்கேற்ப சராசரியை 100 என்று வைத்து, பிள்ளைகளின் எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் அளவை, அதாவது திட்ட விலக்கத்தை, 16 என்று வைப்பார்கள். 116 வாங்கினால் 84 பெர்சன்டைல், 132 வாங்கினால் ஏறக்குறைய 98. உங்கள் மகளின் 89 என்பது அந்த அளவுகோலில் 120-ஐ ஒட்டி வரும். பல மாவட்டங்கள் கேட்கிற 96 பெர்சன்டைல் 128-ஐ ஒட்டி வரும். நடுவில் எட்டுப் புள்ளிதான். அன்று காலை சளியோடு போன பிள்ளைக்கு நாலைந்து புள்ளி இப்படியோ அப்படியோ நகர்வது சாதாரணம். இதனால் 89-ஐ 96 என்று நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 89 வாங்கியவளுக்கும் 96 வாங்கியவனுக்கும் நடுவே இருப்பது மதில் சுவர் அல்ல என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் கட்-ஆஃப் கேட்டு வளர்ந்தவர்கள். பொறியியல் கலந்தாய்வில் அரை மார்க்கில் சீட் போன கதை ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பழக்கத்தில் இதையும் ஒரு சீட்டாகவே பார்க்கிறோம்: ஒருமுறை போனால் போனதுதான், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தால் நமக்கு ஒன்று குறைந்தது. தொடக்கப் பள்ளியில் நடப்பது அப்படி அல்ல. இந்த ஆண்டு வகுப்பில் நடக்கிற கணக்கு இந்தப் பிள்ளைக்குப் போதுமா என்ற கேள்விக்கு ஒரு தற்காலிகப் பதில் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பதிலை வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றலாம்.

வட கரோலினாவில் இதற்கு இரண்டு கதவுகள் உண்டு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் பெரும்பாலான பெற்றோர் குழம்புகிறார்கள்.

முதல் கதவு 'ஏஐஜி' என்கிற அடையாளம், அதாவது படிப்பிலோ அறிவுத்திறனிலோ மேம்பட்ட பிள்ளை என்று பள்ளி தரும் முத்திரை. 1996-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தன் திட்டத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்-ஆஃப் கிடையாது. ஒரு மாவட்டத்தில் கோகாட் ஒன்றே போதும். இன்னொன்றில் அதோடு ஒரு அடைவுத் தேர்வும் வேண்டும். வேறொன்றில் டீச்சர் நிரப்புகிற படிவமும் பிள்ளையின் வேலை மாதிரிகளும் சேரும். சில இடங்களில் நாட்டுச் சராசரியோடு ஒப்பிடுவார்கள், சில இடங்களில் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒப்பிடுவார்கள். ரிசர்ச் டிரையாங்கிள் சுற்றுவட்டாரம் போல, தெருவுக்கு நாலு இன்ஜினியர் இருக்கிற இடத்தில் இந்த இரண்டாவது முறை வந்தால் உங்கள் மகளின் 89 இன்னும் கீழேதான் இறங்கும். கோபப்படுவதற்கு முன் உங்கள் மாவட்டத்தின் ஏஐஜி திட்டத்தைத் தேடிப் படியுங்கள். அது பொது ஆவணம். பக்கம் நிறைய இருக்கும், பாதி சம்பிரதாயப் பேச்சு. 'அடையாளம் காணுதல்' என்ற பகுதியை மட்டும் படித்தால் போதும்.

இரண்டாவது கதவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதனால் தெரியாது என்று நினைக்கிறேன். 2018-இல் இந்த மாநிலம் கணக்குக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டு முடிவில் இஓஜி என்கிற மாநிலத் தேர்வு வருகிறதே, அதில் கணக்கில் மிக உயர்ந்த நிலையை, அதாவது லெவல் 5-ஐ, எட்டிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டு கணக்கில் மேம்பட்ட வாய்ப்பு தர வேண்டும். ஏஐஜி முத்திரை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. தகுதி பெற்ற பிள்ளையை அதிலிருந்து எடுக்க வேண்டும் என்றால், விஷயத்தைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லி எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு சங்கதி: மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குச் சட்டம் சொல்வது 'மேம்பட்ட கற்றல் வாய்ப்பு'. தனி வகுப்பு என்று சொல்லவில்லை, 'நடைமுறையில் இயலும்போது' என்ற சொல்லும் அதில் உண்டு. அதனால் ஒரு பள்ளியில் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள், இன்னொன்றில் அதே வகுப்பில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து வேறு வேலை தருவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்துதான் தனிப் பாடமாகவே வரும்.

டாலஸ் பக்கமிருந்து எழுதுகிறவர்களும் இதையே கேட்பதால் ஒரு வரி: டெக்சஸிலும் 2023-இல் இதே போக்கில் ஒரு சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மேல் 40 சதவீதத்துக்குள் வந்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்கில் பள்ளியே சேர்க்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். யாராவது கைகாட்டினால்தான் வாய்ப்பு என்ற பழைய முறையில் எத்தனையோ பிள்ளைகள் விட்டுப்போனதால் வந்த மாற்றம் இது. ஃபுளோரிடாவில் பிரவர்ட் மாவட்டம் 2005 வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தேர்வு வைக்கத் தொடங்கியது. அதுவரை டீச்சரோ பெற்றோரோ சொன்னால்தான் சோதிப்பார்கள். எல்லோரையும் சோதித்ததும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் நிறையப் பேர் புதிதாகத் தகுதி பெற்றார்கள். அவ்வளவு நாளும் அவர்கள் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, உங்கள் மகளின் மேப் எண்ணுக்கு வருவோம். 208 நல்ல எண். 2020-இல் வெளியான அளவுகளின்படி மூன்றாம் வகுப்புக் குளிர்காலச் சராசரி 196, நான்காம் வகுப்புக் குளிர்காலச் சராசரி 206. ஆகவே நான்காம் வகுப்பின் நடுவில் இருக்கும் சராசரிப் பிள்ளை எடுப்பதைவிட இவள் கொஞ்சம் கூட எடுத்திருக்கிறாள். ஆனால் இதை வைத்து "நான்காம் வகுப்புக் கணக்கு முடிந்துவிட்டது" என்று பள்ளியில் போய்ப் பேசாதீர்கள். மேப் தேர்வு, சரியாகப் போட்டால் கேள்வியைக் கடினமாக்கும், தவறினால் எளிதாக்கும். எந்தப் பிள்ளையும் ஏறக்குறையப் பாதிதான் சரியாகப் போடும். மூன்றாம் வகுப்புப் பாடத்திலேயே பலமாக இருந்தால்கூட இந்த எண் வந்துவிடும். எண்ணுக்குக் கீழே எண்கள், வடிவம், அளவை, இயற்கணிதச் சிந்தனை என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். டீச்சரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதி மேலே போயிருக்கிறது, எது கீழே இழுக்கிறது என்று அதில் தெரியும்.

இப்போது கூமான். நான் அதற்கு எதிரி இல்லை. தினமும் உட்காரும் பழக்கம் வருகிறது, கை ஓடுகிறது. ஆனால் ஐந்தாம் வகுப்புத் தாள் போடுகிறாள் என்றால் ஐந்தாம் வகுப்பு முறையில் வகுத்தலும் பின்னமும் போடுகிறாள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோகாட்டின் கணக்குப் பகுதியில் வாய்ப்பாட்டுக்கு அவ்வளவு வேலை இல்லை. எண் ஒப்புமை, எண் தொடர், எண் புதிர் என்று மூன்று வகைக் கேள்விகள். மூன்றிலும் கேட்பது ஒன்றுதான்: இந்த எண்களுக்கு நடுவே என்ன உறவு?

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளில் இதை எழுதி மகளிடம் கொடுங்கள்:

8 + 4 = □ + 5

ஆசிரியர்களிடையே பேர்போன கேள்வி இது. நிறையப் பிள்ளைகள் கட்டத்தில் 12 என்று எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்று அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எடை என்று பதிந்த பிள்ளை 7 என்று எழுதும். உங்கள் மகள் 7 எழுதினால் அத்தோடு விட்டுவிடாதீர்கள், எப்படி என்று கேளுங்கள். "12-இலிருந்து 5 போனால் 7" என்பது ஒரு வழி. "4-ஐவிட 5 ஒன்று கூட, அதனால் 8-ஐவிட ஒன்று குறைய வேண்டும்" என்று சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள். அப்படி யோசிக்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்புக் கணக்கு போதாது. அவளது பெர்சன்டைல் என்னவாக இருந்தாலும் உங்கள் பக்கம் நின்று நான் வாதாடுவேன். 12 என்று எழுதினாலும் பதற்றம் வேண்டாம். கூமான் எதைத் தரவில்லை என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் கோலம். உங்கள் வீட்டில் போடுவீர்களோ இல்லையோ தெரியாது, வாரக் கடைசியில் ஒருநாள் போடுங்கள். நடுவில் 7 புள்ளி, நேர்ப்புள்ளியாக 1 வரை: மேலே 5, 3, 1, கீழேயும் 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணினால் 25 வரும். நடுவில் 9 வைத்தால் எத்தனை என்று போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். தாளைச் சாய்த்துப் பார்த்தால் 4-க்கு 4 சதுரம் ஒன்றும் அதன் இடுக்குகளில் 3-க்கு 3 சதுரம் ஒன்றும் தெரியும். அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவளாகக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆகலாம், ஆகட்டும். நம் பாட்டிமார் இதை அட்வான்ஸ்டு மேத் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பாவம், அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

டீச்சர் சொன்ன "நன்றாகத்தான் செய்கிறாள்" என்பதை நீங்கள் மழுப்பல் என்று எடுத்துக்கொண்டீர்கள். நானும் பல வருடம் வகுப்பில் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னவள்தான். அதன் பொருள்: வகுப்புக்கு வேண்டியதை எல்லாம் செய்கிறாள், அதற்கு மேல் என்ன முடியும் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கச் சந்தர்ப்பம் அமையவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. கொடுத்த தாளைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு அமைதியாக உட்காரும் பெண் பிள்ளை யார் கண்ணிலும் படாது. முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள், ஏதாவது வேலை கொடுத்து உட்காரவைக்க வேண்டுமே.

ஆகையால் டீச்சரிடம் "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் கையில் இருக்கிற ஒரே பதில் கட்-ஆஃப்தான். "அடுத்த பாடம் தொடங்குமுன் அந்தப் பாடத்தின் தேர்வை அவளுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். பாடம் நடத்துமுன்பே பெரும்பாலான கேள்விகளைச் சரியாகப் போட்டுவிட்டால், அந்த மூன்று வாரமும் அவளுக்கு வேறு என்ன வேலை தரலாம் என்று பேச ஓர் அடிப்படை கிடைக்கிறது. போடவில்லை என்றால் அந்தப் பாடம் அவளுக்குத் தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இதற்குக் குழு வேண்டாம், முத்திரை வேண்டாம், கமிட்டி கூட வேண்டாம். சொல்லப்போனால் அட்வான்ஸ்டு மேத் என்ற பெயரில் நீங்கள் கேட்பதும் இதைத்தான். கூடவே, அவள் யோசித்துப் போட்ட கணக்குகளை வீட்டிலிருந்து நாலைந்து சேர்த்து வையுங்கள். கூமான் தாள்கள் வேண்டாம். அவள் கையெழுத்தில், அவள் வழியில் போட்டவை. உங்கள் மாவட்டம் வேலை மாதிரிகளை ஏற்கிறது என்றால் பெயர் பரிந்துரைக்கும் நேரத்தில் அவை பேசும்.

கணவர் சொன்ன இரண்டு யோசனைகளில் தனி ஐக்யூ டெஸ்ட் என்பது உரிமம் பெற்ற உளவியலாளரிடம் எடுப்பது. பல நூறு டாலர் ஆகும். வெளித் தேர்வை உங்கள் மாவட்டம் ஏற்குமா, எந்தெந்தத் தேர்வை ஏற்கும், எத்தனை எடுக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் ஏஐஜி ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம். பள்ளி மாற்றுவதைப் பற்றி ஒரே வரி: இந்தக் காரணத்துக்காக, மூன்றாம் வகுப்பில், வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கோகாட் கோச்சிங் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது அதைச் சொல்வார்கள். கேள்வி எந்த மாதிரி வரும் என்று பிள்ளைக்குத் தெரிய ஒருநாள் நாலு மாதிரிக் கேள்விகளைக் காட்டுவதில் தப்பில்லை. மூன்று மாதம் தயார் செய்து உள்ளே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். மேம்பட்ட குழுக்களில் பாடத்தைச் சுருக்கி ஓடுவார்கள். அப்படி ஓடும்போது முதலில் அடிபடுவது பின்னம்தான். ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் போடுகிற பிள்ளை, மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழில் இரண்டு என்று எழுதுவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

உங்கள் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கும், எழுதவில்லை என்றாலும் யூகிக்கிறேன்: இப்போது விட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுக்க முடியாமல் போய்விடுமோ? ஏணியைப் பின்னாலிருந்து இறங்கிப் பாருங்கள். பன்னிரண்டில் கால்குலஸ் என்றால் பதினொன்றில் பிரீ-கால்குலஸ், பத்தில் மேத் 3, ஒன்பதில் மேத் 2, எட்டில் மேத் 1. இந்த மேத் 1, 2, 3 மூன்றும் உயர்நிலைப் பள்ளிக் கணக்குப் பாடங்கள். எட்டாம் வகுப்பில் மேத் 1 எடுப்பது ஆறாவது, ஏழாவதில் முடிவாகிற விஷயம். அதே 2018 சட்டம், ஏழாம் வகுப்பு இஓஜி கணக்கில் உயர்ந்த நிலை எடுத்தவரை எட்டாவதில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் குழுவில் இல்லை என்பதால் இந்த ஏணியில் ஒரு படியும் உடையவில்லை. ஏஐஜி அடையாளமும் மூன்றாம் வகுப்போடு மூடிவிடுவதில்லை, பன்னிரண்டு வரை திறந்தே இருக்கும்.

மகள் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. "நீ ரொம்ப ஸ்மார்ட்டுடா செல்லம்" என்று சொல்லியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வோம். எட்டு வயதுப் பிள்ளை அதை நம்பாது, நம் முகத்தைப் பார்க்கும். அந்தத் தேர்வில் என்ன கேட்டார்கள், எது வேடிக்கையாக இருந்தது, எது எரிச்சலாக இருந்தது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த தேர்வு எப்போது என்று அவளும் உங்களிடம் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பேச்சை மட்டும் அவள் காதுபட எடுக்காதீர்கள். அவன் அம்மாவும் எனக்கு எழுதக்கூடும், குழுவில் அவன் அழுகிறான் என்று.

பள்ளி ஆண்டின் கடைசி நாட்களில் இஓஜி வரும். லெவல் 5 வந்தால் அந்தத் தாளை வைத்து, நான்காம் வகுப்பில் கணக்குக்கு என்ன ஏற்பாடு செய்யப்போகிறீர்கள் என்று பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். சண்டை தொனி வேண்டாம், சட்டத்தின் பெயரை முதல் கடிதத்திலேயே இழுக்கவும் வேண்டாம். லெவல் 4 என்றால் ஆகஸ்டில் புது டீச்சரிடம் முன்தேர்வுப் பேச்சிலிருந்து தொடங்குங்கள். எது வந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். 9 புள்ளிக் கோலத்துக்கு அவள் என்ன விடை சொன்னாள், எந்த வழியில் சொன்னாள் என்பதையும் சேர்த்து. உங்கள் கடிதத்தில் நான் தேடிய வரி அதுதான்.